வைஃபை தரத்தை இரவு பகலாகத் தானே அளக்கும் ஏற்பாடு: முழுமையான வழிகாட்டி

“சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் எதுவுமே திறக்கவில்லை.” வைஃபையைப் பராமரிக்கும் எவரும் அதிகம் கேட்கும் புகார் இதுவாகத்தான் இருக்கும். புகார் காலை பதினோரு மணிக்கு வரும்; கோளாறு முந்தைய இரவு ஒன்பதரைக்கு நடந்திருக்கும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனால் எல்லாம் ஒழுங்காக ஓடும். புகார் சொன்னவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் சரியாகத்தான் பார்த்தீர்கள். ரேடியோ அலையின் கோளாறுகள் நேரத்தைச் சார்ந்தவை. எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், எந்தக் கதவு மூடியிருக்கிறது, பக்கத்து அறையில் யார் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, பயனர் இருக்கும் இடத்திலேயே ஒரு கருவி உட்கார்ந்து, அவர் அனுபவிப்பதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியை நான்கு மாடி மாணவர் விடுதி ஒன்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நீண்ட நடைவழி, கூரையில் ஆக்சஸ் பாயிண்டுகள் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டிகள்), இரு பக்கமும் அறைகள், வெளியே போக ஒரே ஃபைபர் இணைப்பு. அலுவலகமோ நூலகமோ மருத்துவமனையோ என்றாலும் முறை ஒன்றுதான்.

முதல் படி: பாதையை மூன்றாகப் பிரியுங்கள்

“நெட் மெதுவாக இருக்கிறது” என்பதில் மூன்று பாதைகள் கலந்திருக்கின்றன. கைபேசியிலிருந்து ஆக்சஸ் பாயிண்ட் வரை காற்று. அங்கிருந்து கட்டடத்தின் ரௌட்டர் வரை கம்பி. ரௌட்டரைத் தாண்டினால் வெளிவழி. இணைய வேகம் காட்டும் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றும் சேர்ந்த ஒற்றை எண் கிடைக்கிறது. அந்த எண் பாதியாகக் குறைந்தால் எதைத் திருத்துவது என்று அதைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

எனவே கட்டடத்துக்குள்ளேயே, கம்பியில் இணைந்த சிறு சர்வர் ஒன்றை நிறுவுங்கள். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டால் போதும். அதில் வலையின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற மென்பொருள் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அதன் வழக்கமான போர்ட் 5201. இனி அறைகளில் வைக்கும் ஒவ்வொரு சோதனைக் கருவியும் மூன்று இலக்குகளுக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பும்: ரௌட்டர், உள் சர்வர், வெளியே நிலையான ஒரு முகவரி. உள் சர்வருக்கான பிங்கே துள்ளினால் கோளாறு கட்டடத்துக்குள். அது அமைதியாக இருக்க, வெளி முகவரிக்கான பிங் மட்டும் துள்ளினால் கோளாறு வெளிவழியில். ரௌட்டரின் பிங்கை மட்டும் நம்ப வேண்டாம். பல ரௌட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். போக்குவரத்து நன்றாக நடக்கும்போதும் பதில் தாமதமாக வரும்.

இன்னொரு ஏற்பாட்டைக் கட்டாயம் செய்யுங்கள். சோதனைக் கருவிகளில் ஒன்றை வைஃபையே இல்லாமல் கம்பியில் மட்டும் இணைத்து, மற்றவை செய்யும் அதே சோதனைகளைச் செய்ய விடுங்கள். அதுவும் தடுமாறினால் காற்றின் மீது பழி போட முடியாது. இந்த ஒரு கருவி மிச்சப்படுத்தும் வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் படி: எதை அளப்பது

சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அலகில் எதிர்ம எண்ணாகக் காண்பீர்கள். 3 குறைந்தால் ஆற்றல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. குரல், வீடியோ அழைப்புகளுக்கு மைனஸ் 67க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. மைனஸ் 75ஐத் தாண்டினால் இணைப்பு வேகம் படிப்படியாக இறங்கும். மைனஸ் 80க்கு அப்பால் அறுந்து அறுந்து வரும். ஆனால் சிக்னலைத் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. பின்னணி இரைச்சல் மைனஸ் 95 என்றால் மைனஸ் 67 சிக்னலுக்கு 28 டெசிபல் இடைவெளி இருக்கிறது, அது தாராளம். இரைச்சல் மைனஸ் 85க்கு ஏறிவிட்டால் அதே சிக்னல் தள்ளாடும்.

கைபேசியில் தெரியும் கோடுகள் ஆக்சஸ் பாயிண்டின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. சானலில், அதாவது அந்த ஆக்சஸ் பாயிண்ட் பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டில், பேச இடம் இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. வைஃபையில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் நான் சிக்னலைவிட மறுமுயற்சி விகிதத்தையே முதலில் பார்ப்பேன். அனுப்பிய ஃபிரேம்களில் (காற்றில் போகும் தரவுத் துண்டுகளில்) எத்தனையை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்ற கணக்கு அது. 10 சதவீதம் வரை பொருட்படுத்த வேண்டியதில்லை. 20ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அந்த அறையிலிருந்து புகார் கிளம்பிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர், பாக்கெட் இழப்பு, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் எடுக்கும் நேரம், இணைப்புக்கு ஆகும் நேரம், கடைசியாக வேகம். வேகத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வீடியோ அழைப்புக்குச் சில மெகாபிட் போதும். அழைப்பை உடைப்பது இழப்பும் ஜிட்டரும்தான். குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐடியூ-டி அமைப்பின் ஜி.114 பரிந்துரை. ஜிட்டர் 30 மில்லிசெகண்டுக்குள்ளும் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கருவியும் அதன் இடமும்

ராஸ்பெர்ரி பை 4 இந்த வேலைக்குப் பொருத்தமானது. கிகாபிட் ஈதர்நெட், இரு அலைவரிசை வைஃபை, லினக்ஸ் மூன்றும் இருக்கின்றன. உள் ரேடியோவுக்கு ஒரே ஆன்டெனா என்பதால் 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு வேகம் 433 மெகாபிட்டைத் தாண்டாது. அது குறையல்ல, சற்றே பலவீனமான ரேடியோ கோளாறை முன்கூட்டியே உணரும். ஆனால் மறுமுயற்சி எண்ணிக்கையையும் சானல் எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்பதையும் எல்லா உள் ரேடியோக்களும் தருவதில்லை. ரேடியோவை இயக்கும் டிரைவர் மென்பொருள் தருகிறதா என்று ஒரு கருவியில் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். தராவிட்டால், லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் உள்ள மீடியாடெக் சில்லு கொண்ட யூஎஸ்பி அடாப்டரைச் சேர்க்கலாம்.

எல்லா அறைகளிலும் ஒரே மாதிரிக் கருவி, ஒரே அடாப்டர், ஒரே மென்பொருள் பதிப்பு. ஆளுக்கொரு மரக்காலால் அளந்த நெல்லைக் கூட்டிக் கணக்குப் பார்க்க முடியாது.

கருவியை ஆக்சஸ் பாயிண்டுக்கு நேர் கீழே வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அங்கேதான் மின் இணைப்பு கிடைக்கும் என்பதால். அங்கே வைத்தால் அழகான வரைபடம் வரும். புகாரும் வந்துகொண்டே இருக்கும். அறைக்குள், மேசை உயரத்தில், கதவு மூடிய நிலையில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் உலோகப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். மாடிக்கு இரண்டு போதும்: சுமாரான அறை ஒன்று, மிக மோசமானது என்று பெயரெடுத்த அறை ஒன்று. நான்கு மாடிக்கு எட்டு.

மின் அடாப்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்னழுத்தம் குறைந்தால் ரேடியோ தடுமாறும், நீங்கள் வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். குறை மின்னழுத்தம் ஏற்பட்டதா என்பதை ராஸ்பெர்ரி பையே சொல்லும். அதையும் ஓர் அளவீடாகச் சேமியுங்கள்.

அறைக்குக் கம்பி வருமானால், முடிவுகளை அதன் வழியே அனுப்புங்கள். வைஃபை செத்திருக்கும் நேரத்தில்தானே செய்தி வந்து சேர வேண்டும்? ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கம்பியும் வைஃபையும் சேர்ந்திருந்தால் லினக்ஸ் வழக்கமாகக் கம்பியையே தேர்ந்தெடுக்கும். சோதனைப் பாக்கெட்டுகளும் கம்பியில் போய்விடும். வரைபடம் மாதக்கணக்கில் அற்புதமாக இருக்கும். வைஃபை இடைமுகத்துக்குத் தனி ரூட்டிங் அட்டவணை அமைத்து, அதன் முகவரியிலிருந்து கிளம்பும் எல்லாப் பாக்கெட்டுகளும் அதன் வழியே போகும்படி விதி எழுதுங்கள். பிறகு ஆக்சஸ் பாயிண்டை ஒரு நிமிடம் அணைத்து, வைஃபை சோதனைகள் எல்லாம் தோல்வியடைகின்றனவா என்று பாருங்கள். தோல்வியடைந்தால்தான் அமைப்பு சரி.

வைஃபையின் மின்சேமிப்பை நிறுத்திவிடுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் அனுப்பும். மின்சேமிப்பில் இருக்கும் ரேடியோ இடையில் தூங்கிவிட்டு, பீக்கன் நேரத்தில் விழித்துத் தனக்குச் செய்தி உண்டா என்று கேட்கும். அதனால் பிங் காரணமே இல்லாமல் நூறு மில்லிசெகண்ட் வரை துள்ளும்.

சோதனைக் கருவிக்கென்று தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். கருவி தன் போக்குவரத்தை மட்டுமே அளக்க வேண்டும். பக்கத்து மாணவர்களின் பாக்கெட்டுகளைப் பிடித்துச் சேமிக்கும் எந்த வசதியையும் இயக்க வேண்டாம். மாணவர்கள் தங்கும் இடத்தில் அதை நியாயப்படுத்தவே முடியாது. அறையில் இருப்பவர்களிடம் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: சோதனைகளும் கால அட்டவணையும்

சோதனையே சுமையாகிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மெகாபிட் வேகத்தில் 10 விநாடி வேகச் சோதனை 125 மெகாபைட் எடுக்கும். எட்டுக் கருவிகள், மணிக்கு ஒருமுறை, இரு திசைகள் என்றால் நாளுக்கு 48 கிகாபைட், மாதத்துக்கு ஏறக்குறைய 1.4 டெராபைட். இதை வெளி இணைப்பில் ஓட்டினால் மாத வரம்பில் பெரும்பகுதியைச் சோதனையே தின்றுவிடும். உள் சர்வருக்கு ஓட்டினாலும் காற்றில் இடம் பிடிக்கும். ஆகவே வேகச் சோதனை சில மணிக்கு ஒருமுறை, ஐந்து விநாடி போதும்.

அன்றாடக் காவலுக்கு இரண்டு இலகுவான சோதனைகளை நம்புங்கள். ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இலக்குக்கும் 20 பிங். இரண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, குரல் அழைப்பைப் போன்ற ஒரு யூடிபி ஓட்டம் (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பாத முறை). ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாக, பாக்கெட்டுக்கு 160 பைட்டாக, 64 கிலோபிட் வேகத்தில் போகும். ஐபெர்ஃப்3இல் இந்த அளவுகளையே கொடுத்துப் பத்து விநாடி ஓட்டினால் ஜிட்டரும் இழப்பும் கிடைத்துவிடும். செலவு 80 கிலோபைட். வீட்டுக்கு அழைத்த மாணவிக்குத் தாயின் குரல் உடைந்து கேட்டதா என்பதற்கு இதைவிட நேரான விடை எந்த வேகச் சோதனையிலும் கிடைக்காது.

வேகச் சோதனை ஓடும் அந்த ஐந்து விநாடியில் பிங்கும் ஓடட்டும். சும்மா இருக்கும்போது 5 மில்லிசெகண்டாக இருந்த தாமதம், சுமை ஏறியதும் 300 ஆனால், எங்கோ ஒரு வரிசையில் பாக்கெட்டுகள் அளவுக்கு மீறித் தேங்குகின்றன என்று பொருள். பஃபர்ப்ளோட் என்று பெயர் பெற்ற இந்த நோய்க்கு மருந்து உண்டு: ரௌட்டரில் எஃப்க்யூ-கோடல் அல்லது கேக் என்ற வரிசை முறையை இயக்கி, வேக வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைப்பது. எஃப்க்யூ-கோடல் 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணைய ஆவணமாக வெளியானது; ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் ஓடும் ரௌட்டர்களில் இரண்டும் கிடைக்கின்றன.

இணைப்புச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்கனவே இணைந்திருக்கும் கருவி என்றென்றும் நலமாகவே இருக்கும். புதிதாக உள்ளே வர முயல்பவருக்குத்தான் வாசல் அடைத்திருக்கும். மணிக்கு ஒருமுறை கருவி துண்டித்துக்கொண்டு மறுபடி இணையட்டும். சேர்வதற்கும், கடவுச்சொல் சரிபார்ப்புக்கும், டிஹெச்சிபி வழியே ஐபி முகவரி பெறுவதற்கும் தனித்தனியே நேரத்தைக் குறியுங்கள். விடுதிகளில் முகவரி தீர்ந்துபோவது சர்வசாதாரணம். 24 பிட் வலைப்பகுதியில் பயன்படுத்தக்கூடியவை 254 முகவரிகள். 250 மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு கைபேசி, ஒரு மடிக்கணினி என்றால் 500 கருவிகள். முகவரியின் குத்தகைக் காலம் (ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரி அதற்கென்றே இருக்கும் நேரம்) 24 மணி நேரம் என்று வைத்திருந்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். சிக்னல் முழுதாக இருக்கும், “ஐபி முகவரி பெறுகிறது” என்ற வரி மட்டும் நகராது. முகவரிப் பரப்பை அகலப்படுத்தி, குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைத்தால் தீர்ந்தது.

இவற்றைக் குறித்த நேரத்தில் இயக்க லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் நல்லது. ஒவ்வொரு கருவியும் சற்று முன்பின்னாகத் தொடங்கும்படி தற்செயல் தாமதம் சேர்க்கலாம். அதே வேலைக்கான பழைய கருவியான க்ரானைப் பயன்படுத்தினால் எட்டுக் கருவிகளும் சரியாக ஐந்தாம் நிமிடத்தில் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும். ஒரு சோதனை முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பூட்டுக் கோப்பு வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் கால வரம்பு கொடுங்கள்.

தோல்வியடைந்த சோதனையைத் தோல்வி என்றே பதிவு செய்யுங்கள். ஸ்கிரிப்ட் பிழையோடு நின்று எதையும் எழுதாமல் போனால், மிக மோசமான நிமிடங்கள் வரைபடத்தில் வெறும் இடைவெளியாகிவிடும். சராசரி முன்பைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பதிவிலும் எந்த ஆக்சஸ் பாயிண்டின் எந்த ரேடியோவோடு இணைந்திருந்தது என்ற பிஎஸ்எஸ்ஐடி முகவரியும், சானல் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத அளவீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்தாம் படி: சேமிப்பு

டெலிகிராஃப் என்ற சேகரிப்பு மென்பொருளில் பிங், டிஎன்எஸ், இணையதளம், வைஃபை சிக்னல் ஆகியவற்றுக்கான செருகிகள் ஆயத்தமாக உள்ளன. ஐபெர்ஃப்3 தன் முடிவை ஜேசன் வடிவில் தரும். சிறு பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்து டெலிகிராஃபிடம் ஒப்படைத்துவிடும். சேமிக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, பார்க்கக் கிராஃபானா. ப்ரோமிதியஸ் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். பிங் மட்டும் போதும் என்றால் ஸ்மோக்பிங் இன்றும் அருமையான கருவி.

ராஸ்பெர்ரி பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பின் எழுந்தால், வலையிலிருந்து நேரம் பெறும் வரை தவறான நேரத்தைக் காட்டும். நேரம் ஒத்திசைந்த பிறகே சோதனைகள் தொடங்கும்படி அமையுங்கள். எஸ்டி கார்டில் ஓயாமல் எழுதினால் அது சீக்கிரம் கெடும். பதிவுகளை நினைவகத்தில் வைத்து மைய சர்வருக்கு அனுப்புவதே சரி.

நிமிட அளவுகளை மூன்று மாதமும், மணிநேரச் சுருக்கங்களை ஆண்டுக்கணக்கிலும் வைத்திருங்கள். சுருக்கும்போது சராசரியை மட்டும் வைக்காதீர்கள். 60 பிங்கில் 57 நேரம் 5 மில்லிசெகண்ட், 3 மட்டும் 800 என்றால் சராசரி ஏறக்குறைய 45. அந்த 45ஐ எவரும் அனுபவிக்கவில்லை. மூன்று முறை திரை உறைந்ததைத்தான் அனுபவித்தார்கள். நடு அளவு, 95ஆம் சதமானம் (நூறில் 95 அளவுகள் இதற்குள் அடங்கும்), உச்சம் ஆகிய மூன்றையும் சேருங்கள்.

ஆறாம் படி: வரைபடத்தைப் படிப்பது

ஒரே நேர அச்சில் மூன்று படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள்: மேலே சிக்னலும் சானலும், நடுவில் மறுமுயற்சி, கீழே மூன்று இலக்குகளின் தாமதம். கண் மேலிருந்து கீழே இறங்கும்போதே காரணம் பிடிபடும்.

சிக்னல் அசையாமல் இருக்க மறுமுயற்சி ஏறினால் நெரிசல் அல்லது குறுக்கீடு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. மாணவர்களின் ஹாட்ஸ்பாட்டுகளும் அங்கேதான் குவியும். சமையலறைப் பக்கத்து அறையில் உணவு நேரத்தில் மட்டும் ஏறினால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகியுங்கள், அது 2.45 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் இயங்குகிறது. சிக்னல் திடீரென்று 15 டெசிபல் விழுந்து பிஎஸ்எஸ்ஐடியும் மாறியிருந்தால், அருகிலிருந்த ஆக்சஸ் பாயிண்ட் நின்றிருக்கும். கருவி அடுத்த மாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் காணாமல் போய் வேறு சானலில் திரும்பி வந்தால் ரேடார் காரணமாக இருக்கலாம். 52 முதல் 144 வரையிலான சானல்களில் ரேடாரை உணர்ந்தால் ஆக்சஸ் பாயிண்ட் உடனே விலக வேண்டும் என்பது விதி. அதே வகைப் புதிய சானலுக்குப் போனால் பொதுவாக 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசத் தொடங்கும். விமான நிலையம், துறைமுகம், வானிலை ரேடார் அருகே இது அடிக்கடி நடந்தால் 36 முதல் 48 வரையிலான சானல்களுக்கோ, 149இல் தொடங்கும் சானல்களுக்கோ மாறிவிடுங்கள்.

ஏழாம் படி: எச்சரிக்கை

முதல் இரண்டு வாரம் எந்த எச்சரிக்கையும் வைக்காமல் அளவுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கட்டடத்தின் சாதாரண இரவு எப்படி இருக்கும் என்று தெரியாமல் அசாதாரணத்தை வரையறுக்க முடியாது. பிறகு சில விதிகள் போதும். ஒரே மாடியின் இரண்டு கருவிகளிலும் உள் சர்வருக்கான இழப்பு பத்து நிமிடம் தொடர்ந்து 2 சதவீதத்தைத் தாண்டினால் செய்தி. இணைப்புச் சோதனை இருமுறை அடுத்தடுத்துத் தோற்றால் செய்தி. கம்பிக் கருவிக்கு வெளி இலக்கு எட்டாவிட்டால் உடனே செய்தி. ஒற்றைக் கருவி மௌனமானால் அது தனி வகை. யாராவது பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தியிலேயே “மூன்றாம் மாடி, காற்றுப் பாதை, சானல் 6, மறுமுயற்சி 34 சதவீதம்” என்று இருக்கட்டும். வெளி இணைப்பே அறுந்தால் டெலிகிராம் செய்தியும் போகாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலுள்ள ஒரு சேவைக்கு “இருக்கிறேன்” என்று சர்வர் சொல்லட்டும். அது நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும்.

எட்டாம் படி: திருத்துவதும் சரிபார்ப்பதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய நாளையும் நேரத்தையும் கிராஃபானாவில் குறிப்பாகச் செருகுங்கள். மாற்றத்துக்கு முந்தைய செவ்வாய் இரவை அடுத்த செவ்வாய் இரவோடு ஒப்பிடுங்கள், ஞாயிறோடு அல்ல. தேர்வு வாரத்தையும் விடுமுறை வாரத்தையும் கலக்க வேண்டாம்.

பெரும்பாலான கட்டடங்களில் முதல் திருத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸின் மெதுவான வேகங்களை நீக்குவதாகவே இருக்கும். 300 பைட் பீக்கன் ஒன்றை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 2.4 மில்லிசெகண்ட் ஆகும். விநாடிக்குப் பத்து பீக்கன். நிர்வாகத்துக்கு, ஆசிரியருக்கு, மாணவருக்கு, விருந்தினருக்கு என நான்கு வைஃபை பெயர்கள். ஒருவரும் ஒரு பக்கம்கூடத் திறக்காத நேரத்திலேயே சானலின் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே சானலில் அப்படி மூன்று ஆக்சஸ் பாயிண்டுகள் ஒன்றையொன்று கேட்டால் முப்பது சதவீதத்துக்கு அருகில். பெயர்களை இரண்டாகக் குறைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டாக உயர்த்துங்கள். 11 மெகாபிட்டுக்கு மேல் போகத் தெரியாத மிகப் பழைய கருவிகள் இருந்தால் அவை வெளியே நின்றுவிடும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 40 அல்லது 20 ஆகக் குறைப்பது. உச்ச வேகம் குறையும், அண்டை அறைகளோடு மோதலும் குறையும். நெருக்கமான விடுதியில் எனக்கு எப்போதும் இரண்டாவதே முக்கியம். அதன் பிறகு ஆக்சஸ் பாயிண்டின் அனுப்பும் ஆற்றலைச் சற்று இறக்கிப் பாருங்கள். ஆக்சஸ் பாயிண்ட் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கைபேசியின் மெல்லிய குரல் அதற்கு எட்டிவிடாது.

வெளிவழிதான் குற்றவாளி என்று தெரிந்தால், இணைப்பு தரும் நிறுவனத்திடம் வைஃபை வரைபடத்தைக் காட்டாதீர்கள். “உங்கள் வைஃபை சரியில்லை” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கம்பிக் கருவியின் பதிவை மட்டும், உள் சர்வர், ரௌட்டர், வெளி இலக்கு என்று மூன்று வரிகளாக, தேதி நேரத்தோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.